மணி இரண்டரை, பிள்ளை எங்கே? கோயில் மண்டபம், மைதானம், இளைஞர் மையம், டியூஷன்: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் பள்ளிக்கூடம் விடுவது இரண்டு மணி, மிஞ்சினால் இரண்டரை. அம்மாவும் அப்பாவும் வேலை முடித்து, ஹிக்கின்சன் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர ஆறாகிவிடும். நடுவில் உள்ள அந்த மூன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஆயா வீடு இருக்கிறது, காசு கொடுத்தால் ஆஃப்டர்கேர், அதாவது பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம், இருக்கிறது. பதினாறு, பதினேழு வயசானவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். பதினொன்றிலிருந்து பதினான்கு வரை உள்ளவர்கள்தான் ரெண்டுங்கெட்டான். ஆஃப்டர்கேர் என்றால் "நான் என்ன பேபியா?" என்று முறைப்பார்கள், தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போனாலோ நமக்கு நிம்மதி இல்லை. ஏழாம் வகுப்போடு பிரைமரி முடிந்து, எட்டாம் வகுப்புக்கு ஹைஸ்கூல் மாறுகிற வயதும் இதுதான். புதுக் கூட்டாளிகள், புது வழித்தடம், கையில் போன்.

நான் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவள். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் மண்டபத்துக்கு நான் முதல் மதிப்பெண் கொடுக்கப்போவதில்லை.

மண்டபத்திலிருந்தே தொடங்குகிறேன். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் வந்து நின்றதிலிருந்து, இங்கே கோயிலையும் தமிழ்ப் பள்ளியையும் சனங்கள் தங்கள் கைக்காசில்தான் கட்டினார்கள். பிறகு இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, 1960களில் ஊரெங்கும் இருந்த இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் போட்டபோதும், கோயில்கள் கூடவே வந்தன. ஆக, இடத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. மண்டபத்தில் பெரியவர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் "நீ யார் வீட்டுப் பேரன்?" என்று கேட்டுத் தெரிந்துவைத்திருப்பார்கள், கட்டணம் கிடையாது, பாட வராதவனையும் யாரும் வெளியே அனுப்புவதில்லை. என் வகுப்பில் ஒரு பையன். வயது பன்னிரண்டு. தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது, தேவாரத்தை நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுவான், "திருச்சிற்றம்பலம்" என்பதை ஒவ்வொரு வாரமும் வேறு வேறு விதமாக எழுதுவான். அவன் வருவது தேவாரத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்ததும் கிடைக்கிற பீன்ஸ் கறியும் ரொட்டியும், அதைவிட முக்கியமாக அங்கே பாத்திரம் கழுவுகிற அண்ணன் அவனோடு அரை மணி நேரம் கால்பந்து பேசுவதும்தான் காரணம். அது போதும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

குறை என்ன? நாட்கள்தான். சனிக்கிழமை காலை, சில கோயில்களில் வாரத்தில் ஒரு சாயங்காலம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மண்டபம் பூட்டிக்கிடக்கும். அந்தச் சனிக்கிழமையும் நிச்சயம் இல்லை. ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், புரட்டாசியில் சனிக்கிழமை பூஜை, தைப்பூசக் காவடிக்கு முன்னால் பத்து நாள் கொடியேற்றம், விரதம் என்று மண்டபம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. விழாவில் பிள்ளைகளுக்கும் வேலை கொடுப்போம் என்பது உண்மை, ஆனால் அது வேறு. அப்புறம், எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கிடையாது. ஒரு பிள்ளை வீட்டில் நடக்கிற ஏதோ ஒன்றைக் கண்கலங்கச் சொன்னால், நாங்கள் தட்டிக்கொடுத்து விபூதி பூசி அனுப்புகிறோம். அந்த இடத்தில் செய்ய வேண்டியது சமூகப் பணியாளரைக் கூப்பிடுவது, அல்லது பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைனின் இலவச எண் 116-ஐ அழைப்பது. பாதிப் பேருக்கு அந்த எண்ணே தெரியாது, இத்தனைக்கும் சைல்ட்லைன் 1986இல் இதே டர்பனில்தான் தொடங்கியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்று சாட்ஸ்வொர்த் பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஜூலு பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், வெல்பெடாக்ட் பக்கமிருந்தும் கிராஸ்மூர் பக்கமிருந்தும் வருகிறார்கள். இரண்டரை மணிப் பிரச்சினை அவர்களுக்கு நம்மைவிடக் கூடுதல். தமிழ் வகுப்பு என்று பலகை மாட்டிய இடத்துக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

சரி, மைதானம். சாட்ஸ்வொர்த்துக்காரர்களிடம் கால்பந்து பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரீமியர் சாக்கர் லீக் ஆரம்பித்த முதல் பருவத்திலேயே, 1996-97இல், சோவெட்டோவின் பெரிய கிளப்புகளையெல்லாம் தாண்டிக் கோப்பையைத் தூக்கியது நம்ம மேனிங் ரேஞ்சர்ஸ். அந்தப் பெருமை இன்னும் அப்பாக்களின் நாக்கில் இருக்கிறது, அதனால் பையனை கிளப்பில் சேர்ப்பதற்கு வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. கிளப்பின் பலம் ஒன்றே ஒன்று, அது மற்ற எதற்கும் கிடையாது: வராவிட்டால் கேட்பார்கள். இரண்டு பயிற்சிக்குப் பையனைக் காணோம் என்றால் கோச் வீட்டுக்கு போன் போடுவார். என் வகுப்புக்கு இரண்டு சனிக்கிழமை வராவிட்டால் நான் "வெளியூர் போயிருப்பான்" என்று விட்டுவிடுவேன். சீருடை இருக்கிறது, நம்பர் இருக்கிறது, "நீ இல்லாவிட்டால் லெஃப்ட் பேக் யார்?" என்று கேட்க ஆள் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் 'சுகர்ஸ்' என்ற பெயரில் மட்டமான ஹெராயினோடு கண்டதையும் கலந்த தூளை விற்கத் தொடங்கியதிலிருந்து, மூலையில் நிற்கிற பையனைக் கூப்பிட ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்குள்ள எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள்.

ஆனால் கிளப் தேர்ந்தெடுக்கும். பதின்மூன்று வயதில் ஒருவன் ஆறடிக்கு வளர்ந்து நிற்பான், பக்கத்தில் நிற்பவன் இன்னும் பால்முகம். அணியில் யார் இருப்பான், யார் பெஞ்சில் இருப்பான் என்று சொல்ல வேண்டுமா? பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறவன்தான் நமக்குக் கவலையான பையன். பெண்பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். பெண்கள் அணி இருக்கிற இடத்திலும் உடைமாற்ற ஒரு அறை இருக்காது, இருந்தால் சாவி யாரிடமோ இருக்கும். பருவமடைந்த பிறகு வீட்டிலும் "வெயிலில் ஏன்?" என்று தொடங்கிவிடுவார்கள். குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை: ஜூனில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், விளக்கு இல்லாத மைதானத்தில் பயிற்சி நாலே முக்காலுக்கே முடிந்துவிடும், அப்புறம் பிள்ளை இருட்டில் நடந்து வர வேண்டும். பூட்ஸ், லீக் கட்டணம், போட்டிக்குப் போகிற வண்டிக்காசு எல்லாம் தனி.

டியூஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கில் தடுமாறுகிற பிள்ளைக்கு உதவும், அவ்வளவுதான். ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவனை இன்னும் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அதைப் பாதுகாப்பு என்று பெற்றோர் நினைத்துக்கொள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. மாதாமாதம் காசு கேட்கும் இடம் என்பதால், காசு நின்றால் பிள்ளையும் நிற்க வேண்டும். தேவை அதிகமாகிற மாதமும் பெரும்பாலும் அதுதான். அப்பாவுக்கு வேலை போன மாதம்.

இளைஞர் மையத்துக்கு வருகிறேன். சாட்ஸ்வொர்த்தில் இந்தப் பேச்சை எடுத்தால் 2000 மார்ச் 24-ஐத் தொடாமல் போக முடியாது. அன்றைக்குத் த்ராப் என்ற நைட்கிளப்பில் பள்ளிப் பிள்ளைகளின் கொண்டாட்டத்துக்கு நடுவே கண்ணீர்ப் புகைக் குப்பி வெடித்து, நெரிசலில் பதின்மூன்று பிள்ளைகள் செத்துப்போனார்கள். நான் சொல்லிக்கொண்டிருக்கிற இதே வயதுப் பிள்ளைகள். ஏன் நைட்கிளப்புக்குப் போனார்கள் என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. வேறு எங்கே போயிருக்க முடியும் என்று கேட்டவர்களும் உண்டு. அதற்குப் பிறகு நெல்சன் மண்டேலாவின் முன்முயற்சியில் எழுந்ததுதான் அவர் பெயரைத் தாங்கி இங்கே இருக்கிற இளைஞர் மையம்.

நான் பேசுவது அந்த ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் இல்லை, மொத்தத்தில் இந்த வகையைப் பற்றி: கதவு திறந்திருக்கும், யாரும் வரலாம், சாதி மொழி பார்ப்பதில்லை, திறமை பார்ப்பதில்லை. சிறுவர் சட்டம், அதாவது 2005ஆம் ஆண்டின் 38ஆம் சட்டம், இதில் ஒரு பகுதியை 'டிராப்-இன் சென்டர்' என்று பெயரிட்டே சொல்கிறது. சாப்பாடு, பள்ளிக்கு ஒழுங்காகப் போக உதவி, குளிக்க வசதி, துணி துவைக்க வசதி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. துணி துவைப்பதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். சீருடை ஒன்றே ஒன்று வைத்திருக்கிற பிள்ளை சிரிக்கமாட்டாள்.

தங்கச்சி தம்பி கணக்கும் இங்கேதான் சரியாக வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு ஏழாம் வகுப்புப் பெண், பாட்டு நன்றாக வரும், நடனமும் ஆடுவாள், ஆனால் எந்த வகுப்பிலும் மூன்று மணிக்கு மேல் இருக்கமாட்டாள். காரணம், க்ரெஷிலிருந்து நாலு வயசுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மைதானத்தில் தம்பிக்கு இடமில்லை, டியூஷனில் இல்லவே இல்லை. மையத்தில் அவன் ஒரு மூலையில் க்ரேயான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் பக்கத்து மேசையில் ஆஃப்ரிகான்ஸ் வீட்டுப்பாடத்தைத் திட்டிக்கொண்டே எழுதினாள். இசிபிண்டி திட்டத்தில் நடத்துகிற 'சேஃப் பார்க்' என்பதும் கிட்டத்தட்ட இந்த யோசனைதான்: பயிற்சி பெற்ற சிறுவர் நலப் பணியாளர் ஒருவர் விளையாட்டுத் திடலில் நிற்பார், அந்தத் தெருவில் உள்ள பிள்ளைகள் தம்பி தங்கையோடு வருவார்கள், விளையாட்டுக்கு நடுவே எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எந்தப் பிள்ளை மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். கிராமப்புறத்துக்கும் நகர்ப்புற ஏழைப் பகுதிகளுக்கும் என்றே யோசித்த திட்டம், ஆனால் யூனிட் யூனிட்டாகப் பிரிந்த நம் சாட்ஸ்வொர்த் பகுதிகளுக்கும் பொருந்தும்.

மையத்தின் பலவீனமும் அதே திறந்த கதவில்தான். வந்தால் வா, வராவிட்டால் போ என்பதால், ஒரு பிள்ளை நின்றுவிட்டால் யாருக்கும் உறைக்காது. அப்புறம் பதினெட்டு வயசுக்காரர்கள். டேபிள் டென்னிஸ் மேசை ஒன்று இருந்தால் அதை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், பாட்டுச் சத்தம் ஏறும், பதினொரு வயசுப் பையன் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான், பெண்பிள்ளைகள் வாசலோடு சரி. இரண்டரையிலிருந்து நாலரை வரை பதினான்கு வயசுக்குக் கீழே மட்டும் என்று பிரிக்கிற மையத்துக்கும் பிரிக்காத மையத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மூன்றாவது சங்கடம், பணம் வருடத்துக்கு வருடம் வருவது. நிதியாண்டு மாறும்போது ஒப்பந்தம் முடிகிறது, பிள்ளைகள் "மிஸ்" என்று ஒட்டிக்கொண்ட பெண் ஏப்ரலில் காணாமல் போகிறாள், புதிதாக வருகிறவளிடம் பிள்ளைகள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோயிலில் பாத்திரம் கழுவுகிற அண்ணன் எந்த நிதியாண்டிலும் காணாமல் போவதில்லை.

இதுவரை கணக்கில் சேர்க்காமல் விட்ட போட்டியாளர் ஒருவர் உண்டு: வீடு. கேட்டைப் பூட்டு, போனைக் கொடு, நூடுல்ஸ் இருக்கிறது. காசு செலவில்லை, வண்டிச் செலவும் இல்லை, சில பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், நாள் முழுக்கக் கூட்டத்தில் இருந்துவிட்டுத் தனியாக இருக்க ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் என்றால் நான் எதிர்க்கமாட்டேன். ஐந்து நாளும் என்றால், அந்தப் பிள்ளை யாரோடு பேசுகிறது என்பது போனுக்கு மட்டும்தான் தெரியும்.

மேற்குக் கேப் மாகாணத்தில் 2010 வாக்கில் 'மாட்' மையங்கள் என்று ஆரம்பித்தார்கள், பள்ளி வளாகத்திலேயே, மணி அடித்த பிறகு, கோச்சுகளை வைத்து. வண்டிச் செலவு என்ற பெரிய தலைவலியை ஒரேயடியாகத் தீர்த்த ஏற்பாடு அது. டாக்சிக்காசு இல்லாததால்தான் பாதிப் பிள்ளைகள் எங்கேயும் போவதில்லை. மைதானம் எவ்வளவு நல்ல மைதானமாக இருந்தாலும் வெஸ்ட்கிளிஃபிலிருந்து மூன்று யூனிட் தள்ளி இருந்தால் அது இல்லாத மைதானம்தான்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? துடிப்பான பையன், வீட்டில் காசுக்குக் கஷ்டமில்லை என்றால் கிளப், கூடவே பயிற்சி இல்லாத நாட்களுக்கு ஒரு இடம். தம்பி தங்கையைச் சுமக்கிற பெண்பிள்ளைக்கு யோசனையே வேண்டாம், மையம், சின்னவர்களுக்கு நேரம் பிரித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு. ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றாலும் நான் மையத்தைத்தான் சொல்வேன். எங்கள் மண்டபத்தைச் சொல்லமாட்டேன். வாரத்தில் ஐந்து நாளும் திறந்திருப்பது என்ற ஒரு குணத்துக்கு முன்னால் மற்ற எல்லா நல்ல குணமும் இரண்டாம் பட்சம். எங்கே சேர்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஃபார்ம் 30 போட்டுப் பார்த்தீர்களா? சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டில் ஆளின் பெயர் இருக்கிறதா என்று நிறுவனம் விசாரிக்கிற படிவம் அது. கோயில் என்பதால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், கோச் பெரியப்பா மகன் என்பதால் விட்டுவிடவும் வேண்டாம். ஆறு பிள்ளைகளுக்கு மேல் பெற்றோர் சார்பில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பார்த்துக்கொண்டால், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சிறுவர் சட்டம்தான்.

எனக்கு இருக்கிற ஆசை வேறு. வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக்கிடக்கிற மண்டபத்தைச் செவ்வாயும் வியாழனும் இரண்டரைக்குத் திறந்து, தமிழ் என்ற பலகை இல்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் சூப்பும் ரொட்டியும் மேசையும் கொடுத்தால் என்ன என்று கமிட்டியில் கேட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணி பில் யார் கட்டுவது, பிள்ளைகள் பையில் பாலோனி என்கிற இறைச்சி வைத்த சாண்ட்விச் கொண்டுவந்தால் மண்டபத்துக்குள் விடலாமா, கல்யாணத்துக்கு வாடகைக்குக் கேட்டால் என்ன செய்வது, இந்த மூன்றைத்தான் கேட்டார்கள். பாலோனிக்கு மட்டும் இப்போதைக்கு விடை கிடைத்திருக்கிறது: வெளித் திண்ணையில் சாப்பிட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டு உள்ளே வரலாம்.