இம்போசிஷன் போஸ்டர்: மூன்றரை நட்சத்திரம்

அமெரிக்கக் கலைஞர் ஜான் பால்டெசாரியின் 'இனிமேல் அலுப்பூட்டும் கலை எதையும் செய்ய மாட்டேன்' போஸ்டரை ஆன்லைனில் ஆர்டர் செய்து, பதினோரு நாள் கழித்துக் கைக்கு வந்தது. கடையின் பெயர் வேண்டாம், கடைசியில் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். தாள் நல்ல கனம், பளபளப்பு இல்லை, ராத்திரி ட்யூப்லைட் போட்டாலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. குழாயில் சுருட்டி அனுப்பியதால் அது நேராவதற்கு மட்டும் இரண்டு நாள் அகராதிகளின் அடியில் கிடக்க வேண்டியிருந்தது.

படம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரே ஆங்கில வாக்கியம், கூட்டெழுத்தில், மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "யாருக்கு இம்போசிஷன்?" என்றுதான் கேட்கிறார்கள். சரியான கேள்வி. 1971இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் நோவா ஸ்கோஷியா கலைக் கல்லூரி இவரைக் கண்காட்சி வைக்கச் சொன்னது, ஆனால் கலிஃபோர்னியாவிலிருந்து வரவழைக்கப் பணமில்லை. அதனால் என்ன, நான் வராமலே நடத்தலாம் என்று, விருப்பமுள்ள மாணவர்கள் இந்த வாக்கியத்தைக் காட்சிக்கூடத்துச் சுவர்களில் எழுதட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எழுதிச் சுவரை நிரப்பினார்கள். அவர் கையெழுத்தில் அனுப்பிய மாதிரியை வைத்து அச்சுப்படமும் போட்டார்கள். வாத்தியார் ஊரிலேயே இல்லாமல், தப்பே செய்யாத பிள்ளைகள் தாமாக வந்து எழுதிய இம்போசிஷன் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். (நாங்கள் இரண்டு பேனாவைச் சேர்த்துக் கட்டி எழுதிய கோஷ்டி. முதலில் 'நான்' 'நான்' என்று பக்கம் முழுக்க இறக்கிவிட்டு, அப்புறம் அடுத்த வார்த்தைக்குப் போவோம்.)

உண்மையில் தப்பு செய்தவர் தாம்தான் என்று பால்டெசாரி நினைத்திருக்கலாம். அதற்கு முந்தின வருஷம், 1953 முதல் 1966 வரை வரைந்ததில் தம்மிடம் மிச்சமிருந்த ஓவியங்களை எல்லாம் சான் டியாகோவில் பிணம் எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் எரித்தார். சாம்பலில் கொஞ்சத்தை மாவில் பிசைந்து பிஸ்கட் சுட்டு ஜாடியில் போட்டுக் காட்சிக்கு வைத்தார். ஆறடி ஏழங்குல மனிதர், முகத்தில் சிரிப்பே இல்லாமல் இதையெல்லாம் செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால்தான் இவருடைய நகைச்சுவை பிடிபடுகிறது.

1966க்குப் பிறகு தூரிகையை ஓரங்கட்டிவிட்டு, கடை போர்டு எழுதுகிற ஆட்களைக் கூப்பிட்டு கேன்வாஸில் வெறும் வாசகங்களை எழுதவைத்தார். அதில் ஒன்று, விற்க ஆசைப்படும் ஓவியர்களுக்கான யோசனைகள்: வெளிர் நிறம் சீக்கிரம் விற்கும், பசுவும் பெட்டைக்கோழியும் வரைந்தால் தூசிதான் படியும், அதையே காளையும் சேவலுமாக வரைந்தால் போணியாகும். இன்னொன்றில் வாசகத்தோடு ஃபோட்டோவும் உண்டு: வீட்டுக்கு முன்னால் அவரே நிற்கிறார், பின்னாலிருக்கும் பனைமரம் மண்டையிலிருந்தே முளைத்தமாதிரி இருக்கிறது, கீழே ஒரே சொல்: தப்பு. ஃபோட்டோ பழகுகிற யாருக்கும் முதல் பாடமே 'தலைக்குப் பின்னால் கம்பம், மரம் வரக் கூடாது' என்பதுதானே. அந்தப் பாடத்தைப் படமாகவே மாட்டிவிட்டார், தீர்ப்பையும் தாமே எழுதிவிட்டார், நமக்குச் சொல்ல மிச்சம் வைக்கவில்லை.

இப்போது மூன்றரைக்கு வருகிறேன். போஸ்டரைச் சட்டம் போடக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன், கீழே வெட்டுகையில் கடைசி வரியின் பாதி உயரம் போய்விட்டது. தலை இருக்கிறது, கால் இல்லை. கடைக்கு எழுதினேன். பதில் வந்தது: "எந்த வரி விடுபட்டுள்ளது என்று அதன் வாசகத்தைக் குறிப்பிட்டு அனுப்பவும்." நான் வாசகத்தை அனுப்பினேன். "அந்த வரி போஸ்டரில் முழுமையாக உள்ளதே, சரிபார்க்கவும்" என்று மறுநாள் பதில். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை, அதற்கு மேலே எத்தனையோ தடவை முழுசாகத்தான் இருக்கிறது. இப்படியே நாலு மெயில். கடைசியில் வெட்டுப்பட்ட இடத்தை விரலால் சுட்டிக்காட்டியபடி ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன், உடனே புரிந்துகொண்டார்கள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. 1969இல் இவர் செய்த வரிசை ஒன்று அப்படியே இதுதான். நண்பரை எங்காவது நடக்கவிட்டு, கண்ணில் படுகிற பொருளை எல்லாம் விரலால் சுட்டச் சொல்லி ஃபோட்டோ எடுத்தார். பிறகு பொழுதுபோக்காக வரைகிற பதினான்கு பேரிடம் அந்த ஃபோட்டோக்களைக் கொடுத்து வரைந்து வாங்கி, ஒவ்வொன்றிலும் 'இது இன்னார் வரைந்தது' என்று போர்டு எழுத்தில் போடவைத்தார்.

மாற்றுப் போஸ்டர் ஆறு நாளில் வந்தது, எல்லா வரியும் காலோடு இருந்தது. பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை, கால் போனது சமையலறைச் சுவரில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் கூடுதலாகக் காசு கொடுத்தாவது சுருட்டாமல் அட்டையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து, முகங்களை வண்ணப் புள்ளிகளால் மறைத்த இவருடைய 1980களின் படம் ஒன்றை அதே கடையில் வாங்கலாம் என்றிருக்கிறேன். விலை ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கரை ஃபோட்டோவில் இருப்பவர்கள் முகத்தில் ஒட்டிப் பார்த்து, அதிலிருந்து பிடித்துக்கொண்ட வண்ணப் புள்ளிகள் அவை. கடைக்காரர்கள் தங்கள் விலை ஸ்டிக்கரை எங்கே ஒட்டி அனுப்புவார்களோ, வந்தால் சொல்கிறேன்.