ஐந்தடிக்காரிக்கு 52 பிரேம்: ரோடு பைக் வாங்கப் போகும் பெண்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் உயரம் 151 செ.மீ. போன வருடம் சென்னையில் ஒரு கடையில் 78,000 ரூபாய் கொடுத்து ரோடு பைக் (தார் ரோட்டில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்கினேன். "உங்க ஹைட்டுக்கு இதுதான் மேடம், லேடீஸ் மாடல், ஸ்மால் சைஸ்" என்றார் கடைக்காரர். ஓட்டிப் பார்த்தபோதே ஹேண்டில் எட்டவில்லை. சொன்னேன். "ஸ்டெம் மாத்தி, சீட்டை முன்னாடி தள்ளிட்டா சரியாயிடும்" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே ஹேண்டிலைப் பிரேமோடு இணைக்கும் 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 60 போட்டார். நம்பிவிட்டேன்.

ஈசிஆரில் கோவளம் வரைக்கும் நான்கு ஞாயிறு போனேன். இரண்டாவது வாரமே முழங்கால் முன்பக்கம் வலி. சீட்டை முன்னால் தள்ளியதில் உடம்பு பாரம் முழுக்கக் கையில் இறங்கி, சுண்டு விரல் மரத்துப்போனது. பிரேக் பிடிக்கும்போது விரலின் முதல் கணுதான் லீவரைத் தொட்டது. லீவரைக் கிட்டே கொண்டுவர அதிலேயே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அதைக்கூடத் திருகித் தரவில்லை. நான்காவது வாரம் மெதுவாக யூ டர்ன் எடுத்தபோது ஷூ நுனி முன் சக்கரத்தில் இடித்து விழுந்தேன். பின்னால் வந்த வேன்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தேன்.

அப்புறம்தான் வேறொரு மெக்கானிக் அளந்து பார்த்தார். பிரேம் 52 செ.மீ. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கம்பி) 170 மி.மீ. ஹேண்டில்பார் 42 செ.மீ., என் தோளோ 35. 'லேடீஸ்' என்பதெல்லாம் ஊதா பெயிண்டும் அகல சீட்டும்தான். 'ஸ்மால்' என்ற ஸ்டிக்கர் பொய்யில்லை, ஆனால் ஒரு கம்பெனியின் ஸ்மால் 48, இன்னொன்றில் 52. கடைக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? கையிருப்பில் இருந்ததைத் தள்ளிவிட்டார். திருப்பிக் கேட்டதற்கு, ஓட்டிய சைக்கிளை எடுக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார். கடைசியில் 45,000-க்கு விற்றேன்.

ஸ்டெம்மைக் கொஞ்சம் மாற்றலாம், தப்பில்லை. பெரிய பிரேமைச் சின்ன பிரேமாக்க அதனால் முடியாது. கம்பெனி தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ஸ்டாக் (பிரேமின் முன்பக்க உயரம்), ரீச் (ஹேண்டில் பக்கம் எட்ட வேண்டிய நீளம்) என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள். ஸ்டிக்கரை விட்டுவிட்டு அவற்றை ஒப்பிடுங்கள். கிராங்க் 165 அல்லது அதற்குக் கீழே கேளுங்கள். ஷிமானோ 105 வரிசையில் 160-கூட உண்டு. ஹேண்டில்பார் 36, 38 அகலத்தில் கிடைக்கிறது. வெறுங்காலில் நின்று கவட்டையிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்கினால் சீட் உயரம் (கிராங்க் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை) ஏறக்குறைய வந்துவிடும். எனக்கு 68 செ.மீ., அதனால் 60.

சின்ன பிரேமில் 700சி சக்கரம் (ரோடு பைக்கின் வழக்கமான பெரிய சக்கரம்) வைத்தால் கால் இடிக்கும் என்பதும் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பெண் பொறியாளர் 1980-களிலேயே முன் சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக்கிப் பெண்களுக்கு சைக்கிள் செய்து விற்றார். இப்போதும் சில கம்பெனிகள் மிகச் சிறிய அளவு பிரேமில் அதைவிடச் சின்ன 650பி சக்கரம் போடுகின்றன. கடையில் இல்லை என்றால் காத்திருங்கள், பரவாயில்லை.

இன்னொன்று. பிரேம் அளவு, கிராங்க் நீளம் இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் 'ரோடு பைக் லேடீஸ் - 1' என்று மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் கேட்க முடியவில்லை.