ஊட்டிப் பனியில் பிளந்த சோலார்: 46,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

46,500 ரூபாய். தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மூன்று நாளாக மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது, பல் துலக்கும்போதுகூட.

எங்கள் வீடு ஊட்டியிலிருந்து தலைக்குந்தா போகிற வழியில். நானும் 81 வயது அம்மாவும்தான். 27 வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும். மலையில் சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்க நினைக்கிறவர்களுக்கு உருப்படியான ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நடந்ததைக் கொட்டித் தீர்க்காமல் அது வராது போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வானத்தில் பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. ஊட்டிக்காரர்களுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். காலையில் புல் எல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளை. ஏழு மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சரி, குழாயில் பனிக்கட்டி அடைத்திருக்கும், வெயில் வந்தால் இளகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒன்பதரை மணிக்கு வெயில் வந்தது. கூரையிலிருந்து ஓடை இறங்குகிற சத்தமும் வந்தது. 200 லிட்டர் டேங்க்கில் இருந்த சுடுதண்ணீர் மொத்தமும் பின்சுவர் வழியாக இறங்கி, அம்மாவின் பூந்தொட்டிகளை அடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. ஆவி பறக்க 46,500 ரூபாய் போவதை நின்று பார்த்தேன்.

இனி வாங்கின கதை. போன மே மாதம், சீசன் சமயத்தில் ஒரு கண்காட்சித் திடலில் கடை போட்டிருந்தார்கள். கீழே சமவெளியிலிருந்து வந்த சோலார் விற்பனைக் கடை, அவ்வளவுதான் சொல்வேன். பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி மகன் பயமுறுத்துகிறான்.

கடையில் இருந்த பையனுக்கு முப்பது வயது இருக்கலாம். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கருப்புத் தகடு, அதன்மேல் செம்புக் குழாய்கள். “கையை வச்சுப் பாருங்கக்கா” என்று கண்ணாடியைத் தூக்கித் தகட்டைத் தொடச் சொன்னான். அந்தக் குளிர்ந்த காற்றிலும் தகடு சுட்டது. “இதுக்குப் பேர் கலெக்டர்” என்றான். எங்கள் ஊரில் கலெக்டர் என்றால் பிங்கர்போஸ்ட் ஆபீஸ்தான் ஞாபகம் வரும், ஊட்டியை உண்டாக்கின சல்லிவனும் கலெக்டர்தானே என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்போதே பாதி விழுந்துவிட்டேன்.

அவன் சொன்னதில் நிறைய உண்மையும் இருந்தது, அதுதான் எரிச்சல். பக்கத்தில் இன்னொரு மாடல் இருந்தது, வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். விலையும் குறைவு. “அது வேண்டாம்க்கா, உங்க ஊர்க் குரங்கு ஒரே நாள்ல உடைச்சிடும்” என்றான். எங்கள் கூரையில் குரங்கு நடத்துகிற அட்டகாசம் எனக்குத் தெரியும், தலையாட்டினேன். “செம்புக் குழாய்க்கு உப்புத்தண்ணிதான் எதிரி. மலைத் தண்ணியில உப்பே கிடையாது, ஆயுசுக்கும் அடைக்காது” என்றான். அதுவும் சரிதான். இப்படி ரெண்டு உண்மையைக் கொடுத்துவிட்டு மூன்றாவதாக ஒரு பொய்யைக் கொடுத்தான். “பனியில ஒண்ணும் ஆகாதே?” என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதற்கு அம்மா சாட்சி. “உள்ளே ஓடுறது தண்ணியே இல்லக்கா, ஆன்டிஃப்ரீஸ், பனியிலயும் உறையாத திரவம். காஷ்மீருக்கே போகுது.” மானியமாக 15,000 வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும் என்றும் சொன்னான். 20,000 முன்பணம் கொடுத்தேன்.

ஜூன் மாதம் மாட்ட வந்தார்கள். அந்தப் பையனும் கூடவே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தான். அம்மாவைப் பாட்டி என்று கூப்பிட்டு, முட்டிவலிக்குச் சுடுதண்ணி ஒத்தடம் எப்படிக் கொடுப்பது என்று அரை மணி நேரம் பேசினான். வேலை முடிந்ததும் மீதிப் பணம் 26,500. நான் எண்ணி வைத்தேன். பில்லில் ‘ஆன்டிஃப்ரீஸ் மாடல்’ என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான். “அக்கா, ஒரு நோட்டு கூட இருக்கு.”

அவ்வளவுதான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அம்மாவுக்குக் கண் கலங்கியது. அவனிடம் போய் எழுதிக் கொடு என்று எப்படிக் கேட்பது? கேவலமாக இருக்காதா? அவன் கொடுத்த தாளில் ‘சோலார் 200 லிட்டர் செட் 1’ என்று மட்டும் இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, மாடல் எண் இல்லை. 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து 46,500 ரூபாய்க்கு என்னை வாங்கிவிட்டான்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் மேகமும் மழையும். வெதுவெதுப்பாக வந்ததோடு சரி. டிசம்பரில் வெயில் அடித்ததும் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. அம்மா, சீகை விறகு போட்டு எரித்த பழைய பாய்லரைப் பேரீச்சம்பழக்காரனுக்குப் போடச் சொல்லிவிட்டாள். நல்லவேளை, நான் சோம்பேறித்தனத்தில் போடவில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன். எங்களுக்குத் தெரிந்த பிளம்பர் அண்ணன் கூரையில் ஏறி ஒரு பேனலின் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பேனலுக்கு 9 குழாய், இரண்டு பேனலுக்கு 18. அதில் ஐந்து குழாய் நீளவாக்கில் பிளந்து, மீன் வாயைத் திறந்த மாதிரி இருந்தது. “டீச்சர், இதுல எங்க ஆன்டிஃப்ரீஸ்? பச்சத்தண்ணி நேரா பேனலுக்குள்ள போகுது பாருங்க” என்று குழாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

நானும் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. கருப்புத் தகடு வெயிலை உறிஞ்சிச் செம்புக் குழாய்க்குக் கொடுக்கிறது. மேலே இருக்கிற கண்ணாடி வெயிலை உள்ளே விடும், தகட்டின் சூட்டை அவ்வளவு சுலபமாக வெளியே விடாது. தகட்டுக்கு அடியில் பஞ்சு மாதிரி கண்ணாடி நார். சூடான தண்ணீர் லேசாகி மேலே டேங்க்குக்கு ஏறுகிறது, டேங்க்கின் அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் கீழே பேனலுக்கு இறங்குகிறது. மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம், இதற்குப் பேர்தான் தெர்மோசைஃபன். ராத்திரி சுற்றோட்டம் தானாக நின்றுவிடும். டேங்க்கில் இருக்கிற சூடு கீழே இறங்கி வீணாகக்கூடாது என்றுதான் டேங்க்கைப் பேனலுக்கு மேலே வைப்பது. அதைச் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். ஆகவே பேனலில் இருந்த தண்ணீர் அசையாமல் நின்றது. மேகம் இல்லாத வானத்துக்குப் பேனல் தன் சூட்டையெல்லாம் கதிராக விட்டுக்கொண்டே இருந்தால், சுற்றியிருக்கிற காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். வராண்டா தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே புல் உறைவது இதனால்தான். பேனலும் ஒரு பெரிய புல்தான். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருமன் கூடும். செம்பு என்ன செய்யும், பிளந்துவிடும். பனிக்கட்டி உள்ளே இருக்கிற வரை ஒழுகாது, இளகினதும் ஊற்றும்.

தண்ணீர் உறைந்தால் விரியும். இதை 27 வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உடைத்துக் காட்டினேன். தாவரவியல் பூங்காவில் பூச்செடிக்கே கோத்தகிரி மிலார் செடியை வைத்துப் பனியை மறைக்கிற ஊர் இது. நான் 46,500 ரூபாய் செம்பைத் திறந்த வானத்துக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறேன்.

அப்புறம் போன் படலம். முதல் போன்: “ஏர் லாக்கா இருக்கும் மேடம், ஒரு தடவை திறந்து மூடுங்க.” இரண்டாவது: “போட்டோ அனுப்புங்க.” ஐந்து படமும் ஒரு வீடியோவும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூன்றாவது போனை ஒரு பெண் எடுத்தாள். சர்வீஸ் ஆட்கள் மேலே வர 3,500 ரூபாயாம், அதுவும் முன்கூட்டியே. ஐந்து வருஷ வாரண்டி என்ன ஆச்சு என்றேன். “பனி இயற்கைச் சீற்றத்துல வரும் மேடம், வாரண்டில வராது.” ஜனவரி மாத ஊட்டிப் பனி இயற்கைச் சீற்றமாம்! அப்படியென்றால் சித்திரை வெயிலும் சீற்றம்தான்.

நேற்று ஒருவழியாக அந்தப் பையனே பேசினான். அதே அன்பான குரல். “அக்கா, உங்க ஊர்ல பனி விழும்னு நீங்கதானே முன்னாடியே சொல்லியிருக்கணும்?”

ஊட்டியில் பனி விழும் என்று நான் சொல்லியிருக்க வேண்டுமாம். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் என்னதான் சொல்வான் பார்ப்போம் என்று. பேனலில் ஓடுவது தனி, டேங்க் தண்ணீர் தனி என்று ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாடல் இருக்கிறதாம், அதில் நிஜமாகவே ஆன்டிஃப்ரீஸ் ஓடுமாம், பழையதைக் கழித்துக்கொண்டு இன்னும் 38,000 கட்டினால் மாட்டித் தருவார்களாம். பாட்டி எப்படி இருக்காங்க என்றும் கேட்டான். அப்போதுதான் வைத்தேன்.

தூக்கம் வராமல் படித்துப் பார்த்தேன். 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் கலெக்டர் கீழே, டேங்க் மேலே என்று இதே மாதிரி ஹீட்டரை விற்கத் தொடங்கியிருக்கிறார். 1913 ஜனவரியில் அங்கே கடும் குளிர் அடித்து, வீடுகளில் இருந்த கலெக்டர் குழாய்கள் உறைந்து வெடித்திருக்கின்றன. அவர் யாரையும் பார்த்து ‘நீங்கள்தானே முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்’ என்று கேட்கவில்லை. பேனலில் தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹால் கலந்த தண்ணீரைத் தனியாக ஓடவிட்டு, அந்தச் சூட்டை டேங்க்குக்குள் ஒரு சுருள்குழாய் வழியாகக் கொடுக்கிற மாதிரி மாற்றினார். இன்றைக்கு ஆல்கஹாலுக்குப் பதில் கிளைக்கால் என்கிற ரசாயனம், மற்றபடி அதே ஏற்பாடுதான். நூறு வருஷத்துக்கும் மேலான சமாச்சாரம். தெரியாமல் விற்றிருக்க வாய்ப்பே இல்லை. சமவெளி வெயிலுக்குச் செய்த சரக்கு தேங்கியிருந்தது, மலையில் தள்ளிவிட்டார்கள். 46,500.

மானியமும் கதைதான். 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்து மானியம் கூரையில் மின்சாரம் தயாரிக்கிற பேனலுக்கு. தண்ணீர் காய்ச்சுகிற பேனலுக்கு இல்லை. இரண்டும் கூரைமேல் கருப்பாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. நானும் விசாரிக்கவில்லை.

சரி, ஆலோசனை என்று சொன்னேன் அல்லவா. அவசரத்தில் தோன்றுகிறதை எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உறைபனி விழுகிற இடத்தில் பச்சைத்தண்ணீர் நேராக ஓடுகிற தட்டைப் பேனலை வாங்காதீர்கள். ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஆன்டிஃப்ரீஸ்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். மாட்டும்போது உங்கள் பிளம்பரைக் கூட நிற்க வையுங்கள். கண்ணாடிக் குழாய் மாடல் பனியை நன்றாகவே தாங்கும், இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் வெற்றிடம் இருப்பதால் ராத்திரி சூடு சுலபமாக வெளியேறாது. குழாயின் நுனியில் வெள்ளிப் பூச்சு பளபளப்பாக இருக்க வேண்டும், பால் மாதிரி வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். குரங்குக்கு வலை அடித்துக்கொள்ளலாம். அந்த மாடலிலும் டேங்க்குக்குப் போகிற குழாய்களுக்கு நல்ல உறை போட வேண்டும். ஏற்கெனவே என் மாதிரி பேனல் வைத்திருக்கிறவர்கள் இன்று சாயங்காலமே பேனலுக்குப் போகிற, பேனலிலிருந்து வருகிற வால்வு இரண்டையும் மூடிப் பேனல் தண்ணீரை வடித்துவிடுங்கள். சாக்கை மட்டும் போர்த்தி நம்பி இருக்காதீர்கள். காலையில் வெயில் ஏறி பேனல் கொதிப்பதற்கு முன்னால் திரும்ப நிரப்ப மறக்காதீர்கள்.

இன்னும் எழுத நினைத்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. கையில் இருக்கிற அந்தத் துண்டுத்தாளை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா என்று திங்கட்கிழமை ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். இப்போது அம்மா குளிக்க வேண்டும் என்று கூப்பிடுகிறாள். விறகு ஈரம், பற்ற வைக்கவே அரை மணி நேரம் ஆகும்.