பயிற்சி முடிந்த பிறகு: தொலைபேசியா, குழுவா, மறுபயிற்சியா, சுய எண்ணிக்கையா?

அடம்பிடிக்கும் குழந்தையைக் கையாளப் பெற்றோருக்குச் சொல்லித்தரும் முறைகளில், தேர்ச்சிக்குக் கறாரான அளவு வைத்திருப்பது பிசிஐடி (PCIT, பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சை). அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கியது. 5 நிமிட விளையாட்டில் எதற்கென்று சொல்லிப் பாராட்டுவது 10, குழந்தை பேசியதைத் திருப்பிச் சொல்வது 10, செய்வதை விவரிப்பது 10 இருக்க வேண்டும். கேள்வி, கட்டளை, குறை மூன்றும் சேர்ந்தே 3-ஐத் தாண்டக் கூடாது.

இதை எட்டியவர்களும் வீட்டில் நழுவுவார்கள். முதலில் போவது பாராட்டு. பிள்ளை சமர்த்தாக இருக்கும்போது வாய் திறக்க யாருக்குத் தோன்றுகிறது? அடுத்து, அசதியான ஒரு மாலையில் அழுகைக்குப் பணிந்து செல்போன் கைமாறும். எப்போதாவது பலித்தால் போதும், அடம் இன்னும் கெட்டிப்படும்.

இந்த நழுவலைத் தடுக்க நான்கு வழிகளைப் பார்ப்போம். பயிற்சி தந்தவர் தொலைபேசியில் விசாரிப்பதற்குச் செலவு குறைவு. ஆனால் "எப்படிப் போகுது?" என்றால் "பரவாயில்லைங்க" என்றுதான் பதில் வரும். "கடைசியாக அடம்பிடித்தபோது நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டால் கொஞ்சம் தேறும்.

பெற்றோர் குழு தனிமையைப் போக்கும். நடத்துபவர் இல்லையென்றால் புலம்பலில் முடியும், அல்லது "நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்பவர் குரலே ஓங்கும்.

எங்கள் தேர்வு சுய எண்ணிக்கை. வாரம் ஒருநாள் 5 நிமிட விளையாட்டைச் செல்போனில் பதிவுசெய்து, கேட்டுக்கொண்டே கோடு போட வேண்டும். பலரும் தவறுவது இங்கே: "வெரி குட்" பாராட்டுக் கணக்கில் சேராது, "கட்டையைப் பொறுமையா அடுக்குறே, அருமை" சேரும். "இது என்ன கலர்?" என்று பாடம் நடத்தினால் கேள்விக் கணக்கு. தமக்குத் தாமே தாராளமாக மதிப்பெண் போடுவதும் உண்டு. கணவனும் மனைவியும் ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு எண்ணினால் அது குறையும்.

நேரில் பார்த்துத் திருத்தும் மறுபயிற்சிக்கு ஈடில்லை, செலவும் அலைச்சலும்தான் தடை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தேதி குறிக்காமல், பாராட்டு இரண்டு வாரம் தொடர்ந்து 5-க்குக் கீழே போனாலோ, பள்ளி திறப்பு, தம்பி தங்கை பிறப்பு போன்ற மாற்றம் வந்தாலோ ஓர் அமர்வு வைக்கலாம். தாத்தா பாட்டியும் உடன் வர வேண்டும். அப்பா மறுத்த மிட்டாயைப் பாட்டி நீட்டும் வீட்டில் எந்த எண்ணிக்கையும் நிற்காது.