கொடைக்கானல் வீட்டை யார் கையில் கொடுப்பது: ஏர்பிஎன்பியா, குத்தகையா, கம்பெனியா?

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு கொடைக்கானலில் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்றை வைத்திருப்பவர்களிடம் பேசினால், பேச்சு நேராகக் கமிஷனுக்குத்தான் போகும். எந்த ஆப்பில் எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள், எது கம்மி? தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் நவம்பர் மழையில் சுவர் ஓதம் ஏறும்போது உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவைப்பது யார் என்று கேட்காமல் கமிஷனை மட்டும் ஒப்பிட்டால் விடை தப்பாக வரும். அதனால் இங்கே ஆள் பிடிப்பதையும் வீட்டைப் பார்த்துக்கொள்வதையும் சேர்த்தே அலசுகிறேன்.

நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு. ஏர்பிஎன்பி, புக்கிங்.காம் மாதிரி தங்குமிடம் புக் செய்யும் தளங்களில் நாமே போட்டு, ஒரு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வது. உள்ளூரில் காட்டேஜ் நடத்துபவரிடம் வருஷக் குத்தகைக்கு விட்டுவிடுவது. வில்லாக்களை நிர்வகிக்கும் கம்பெனியிடம் வருமானப் பங்குக்குக் கொடுப்பது. நான்காவது, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நேரடியாக புக்கிங் எடுப்பது.

முதல் இரண்டுக்கும் இடையில்தான் நிஜமான போட்டி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரவுக்கு 4,000 ரூபாய் வாடகை. தளத்தின் கமிஷன் 15.5 சதவீதம். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 12,000. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு இரவு தங்குகிறது, போன பிறகு துணி வெளுக்க, சுத்தம் செய்ய, கேஸ் எல்லாம் சேர்த்து 600. கரண்ட், இன்டர்நெட், சில்லறை ரிப்பேர் வருஷத்துக்கு 60,000. இதே வீட்டை உள்ளூர்க்காரர் மாதம் 20,000-க்குக் கேட்கிறார், அதாவது வருஷத்துக்கு 2,40,000, ரிப்பேரும் அவர் பொறுப்பு.

நாமே நடத்தி அந்த 2,40,000-ஐ எட்ட எத்தனை இரவு நிரம்ப வேண்டும்? 145. வருஷத்தின் எல்லா வெள்ளி, சனி இரவுகளும் சேர்ந்தாலே 104 சொச்சம்தான். அதோடு ஏப்ரல், மே சீசன் முழுக்க ஒரு நாள் விடாமல் நிரம்பினால்தான் 145-ஐத் தாண்டும். சீசனில் வாடகையை 6,000-க்கு ஏற்றி அந்த அறுபது இரவும் போனால் எல்லை 112-க்கு இறங்கும். அப்போதும் மழை மாதங்களில் வார இறுதிகளை ஓரளவு நிரப்பியாக வேண்டும். "குத்தகைக்கு விட்டால் நஷ்டம்" என்று டீக்கடையில் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த 12,000 சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படியானால் குத்தகைக்கே விட்டுவிடலாமா? பணம் நிச்சயம், தலைவலி குறைவு. எனக்கு அதில் பிடிக்காதது ஒன்றுதான். குத்தகைக்காரருக்கு வீடு ஒரு வருஷத்துக்கான சரக்கு. ஆறு பேர் தங்கும் வீட்டில் ஹால் முழுக்க மெத்தை விரித்துப் பதினைந்து பேரை ஏற்றுவார், செப்டிக் டேங்க் அதைத் தாங்காது. ராத்திரி பாட்டுச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் போலீசுக்குப் போனால் முதலில் கேட்கப்படும் பெயர் உரிமையாளருடையது. குத்தகைக்கு விடுவதானால் அதிகபட்சம் எத்தனை பேர், கேம்ப்ஃபயர் உண்டா, அட்டாச்டு பாத்ரூம் ஏதும் புதிதாகக் கட்டலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசி விஷயம் முக்கியம். அனுமதி மீறிக் கட்டிய கட்டிடங்கள் நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைக்கப்பட்ட ஊர் இது. அவர் எழுப்பும் தகர ஷெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

நாமே நடத்துவது என்று முடிவெடுத்தால், எல்லாம் அந்தப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் பொறுத்தது. வாட்ச்மேன் என்று ஒருவரை உட்கார வைத்தால் போதாது, கணவன் மனைவியாக அருகிலேயே குடியிருப்பவர்கள் கிடைத்தால் உத்தமம். ராத்திரி ஒன்பதரைக்கு விருந்தினர் போன் செய்கிறார்: "சார், கீசர்ல தண்ணி சூடே ஆகல, குழந்தைங்க இருக்காங்க." நீங்கள் தாம்பரத்தில் இருக்கிறீர்கள். பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டால் பத்து நிமிஷத்தில், "எம்சிபி சுவிட்ச் விழுந்திருக்கு சார், தூக்கி விட்டாச்சு. ரெண்டு வாளி வெந்நீரும் வச்சுக் குடுத்துட்டேன்" என்று பதில் வருகிறது. அந்த இரண்டு வாளி வெந்நீர்தான் உங்கள் விளம்பரம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஏர்பிஎன்பியில் நன்றாக நடத்துபவர்களுக்குத் தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டம் வேண்டுமென்றால் சராசரி மதிப்பெண் 4.8 இருக்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்தும் ஒருவர் மூன்றும் கொடுத்தால் சரியாக 4.8. இன்னொருவர் நான்கு போட்டால் 4.7 ஆகிவிடும். பத்து புகைப்படம் போட்டு, ட்ரோன் வீடியோ எடுத்துச் சேர்த்த பெயரை ஈரவாடை அடிக்கும் ஒரு கம்பளி கெடுத்துவிடும். கொடைக்கானலில் மெத்தையின் மேல்பக்கம் பளிச்சென்று இருக்கும், தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பூத்திருக்கும். அதனால் ஒவ்வொரு வருகைக்கும் முன்பு பார்த்துக்கொள்பவரிடம் ஒரு நிமிஷ வீடியோ கேளுங்கள்: மெத்தையைத் தூக்கிக் காட்டணும், கீசர் விளக்கு எரியணும், ஃபிளஷ் அழுத்தணும், கெட்டிலைத் திறந்து உள்ளே காட்டணும். விருந்தினர் போன பிறகும் ஒரு வீடியோ. ஏர்பிஎன்பியில் சேதத்துக்கு இழப்பீடு கேட்க, விருந்தினர் வெளியேறியதிலிருந்து 14 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் படம் இல்லாமல் கேட்டால் பேச்சு எடுபடாது.

தளங்களுக்குள் எது? ஏர்பிஎன்பியில் பணம் முன்னதாகவே கட்டப்பட்டுவிடும், செக்-இன் ஆன சுமார் 24 மணி நேரத்தில் நமக்கு விடுவிப்பார்கள். பழைய முறையில் நம்மிடம் 3 சதவீதமும் விருந்தினரிடம் 14 சதவீதத்தை ஒட்டியும் பிரித்து எடுத்தார்கள். பல தளங்களின் புக்கிங்கை ஒன்றாக நிர்வகிக்கும் மென்பொருள் வழியாக இணைந்தவர்களுக்கு 2025 அக்டோபரிலிருந்து 15.5 சதவீதம் முழுக்க நம் பக்கம். புக்கிங்.காம் கூட்டம் கொண்டுவரும், ஆனால் வந்து கட்டுகிறேன் என்ற வகை புக்கிங்கை அனுமதித்தால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரத்தாகும் புக்கிங்கும் வரும். முன்பணம் கட்டாயம் என்று வைத்தால் எண்ணிக்கை குறையும், நிம்மதி கூடும். குடும்பமாக வரும் நம்மூர் ஆட்கள் பலர் மேக்மைடிரிப், கோஐபிபோவில்தான் தேடுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் ஏர்பிஎன்பியை மட்டும் ஒரு சீசன் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைச் சேர்ப்பது நல்லது. இரண்டு தளத்தின் காலண்டரும் ஒத்துப்போகாமல் ஒரே தேதிக்கு இரண்டு குடும்பம் வாசலில் நின்றால், அதைவிடக் கொடுமை இல்லை.

எந்தத் தளமானாலும் விவரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கடைசி இருநூறு மீட்டர் மண் ரோடு என்றால் அப்படியே சொல்லுங்கள். காட்டுமாடு வாசல் வரை வரும், ராத்திரி தனியாக நடக்காதீர்கள் என்றும் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். 2025 சீசனில் உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தது. "இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா?" என்ற ஒரு வரி புக்கிங் ஆன உடனே போக வேண்டும், மலையடிவாரத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர் கோபத்தை உங்கள் ரிவ்யூவில்தான் காட்டுவார். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பசுமை வரி உண்டு என்பதால் வீட்டில் கேன் தண்ணீர் வைத்திருக்கிறோம் என்பதும் விவரத்தில் இடம்பெற வேண்டிய வரி.

வரி பற்றிச் சுருக்கமாக: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், தளத்தின் வழியாக வரும் புக்கிங்குக்கு ஜிஎஸ்டியைத் தளமே கட்டிவிடும். 7,500 ரூபாய் வரையான வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

கம்பெனி விஷயத்துக்கு வருவோம். ஸ்டேவிஸ்டா, சாஃப்ரன்ஸ்டேஸ் மாதிரியானவர்கள் படம் எடுப்பது, விலை ஏற்றி இறக்குவது, ஆள் போடுவது எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். நீச்சல்குளம், நான்கைந்து பெட்ரூம், பள்ளத்தாக்குப் பார்வை என்று இருக்கும் வில்லாவுக்கு அது சரிப்படும். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வருமானம் பங்கு பிரிந்தபின் மிஞ்சுவது குத்தகைத் தொகையை எட்டுவதே கஷ்டம் என்பது என் கணிப்பு. பேசப் போனால் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: பங்கு மொத்த வசூலில் இருந்தா, செலவு கழித்தபின் மிஞ்சுவதில் இருந்தா? சம்பளமும் லாண்டரியும் யார் கணக்கு?

நேரடி புக்கிங்கில் கமிஷன் இல்லை. ஆனால் ஆரம்பத்தில் ஆள் வராது. கூகுள் மேப்பில் போட்டால் வந்துவிடும் என்கிறார்கள். யாரும் குடியிருக்காத விடுமுறை வாடகை வீட்டுக்குத் தனி பிசினஸ் பக்கம் கூகுள் விதிப்படி கிடையாது. என்றைக்காவது தூக்கிவிட்டால் சேர்த்த ரிவ்யூ அத்தனையும் போகும். உரிமையாளர் குடும்பம் அங்கேயே தங்கி, ஆறு அறைக்குள் நடத்தும் ஹோம்ஸ்டே என்றால் கதை வேறு. மத்திய சுற்றுலாத் துறையின் பெட் அண்ட் பிரேக்பாஸ்ட் திட்டத்தில் பதிவுசெய்யவும் வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், நேரடி புக்கிங்கைத் திரும்ப வருபவர்களுக்கு மட்டும் வையுங்கள். போன வருஷம் வந்து சந்தோஷமாகப் போன குடும்பத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் ஒரு வாட்ஸ்அப்: "மே மாசம் தேதி வேணும்னா இப்பவே சொல்லுங்க, உங்களுக்கு அப்புறம்தான் ஆப்பில் திறப்பேன்." பாதி முன்பணம் வாங்குங்கள், ஆதார் நகல் முன்கூட்டியே. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிவு செய்வது தங்கவைப்பவர் கடமை. புக்கிங் எந்த வழியில் வந்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

மாதம் ஒருமுறையாவது மலை ஏறிப் போய் வர முடிகிறவர், நம்பகமான தம்பதி கிடைத்தவர்: ஏர்பிஎன்பியில் தொடங்கி, மூன்றாம் வருஷத்தில் சீசன் இரவுகளில் பாதியை நேரடியாக நிரப்பப் பாருங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருபவர்: தயங்காமல் குத்தகைக்கு விடுங்கள், டிசம்பரில் பத்து நாள் வீடு எனக்கு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு.