எக்ஸ்சேஞ்சில் டிரம்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் சிம்பலைக் கழற்றி வையுங்கள்

கல்லூரி பேண்டில் அடித்ததோடு சரி, அப்புறம் பதினாறு வருடம் குச்சியையே தொடவில்லை. போன மாதம் ஊரில் பரணில் கிடந்த டிரம்ஸ் கிட்டை வேளச்சேரி ஃபிளாட்டுக்குக் கொண்டு வந்து ஒரு ஞாயிறு காலை அரை மணி நேரம் அடித்தேன், மதியத்துக்குள் அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் என் வீட்டு நம்பர் வந்துவிட்டது. சரி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடிக்கிற எலக்ட்ரானிக் டிரம்ஸுக்கு மாறிவிடலாம் என்று ஒரு கடைக்குப் போனேன்.

"பழசைக் கொடுங்க சார், கழிச்சுக்கலாம்" என்றார் கடைக்காரர். பழைய கிட்டுக்கு மொத்தமாக 9,000 ரூபாய். சிம்பலை, அதாவது குச்சியால் தட்டும் உலோகத் தட்டுகளைப் பற்றிக் கேட்டேன், "அது வெறும் பித்தளை சார், கணக்கிலேயே வராது" என்றார். என் ரைடும் (பெரிய ஒற்றைச் சிம்பல்) ஹைஹாட்டும் (பெடலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) பித்தளை இல்லை. 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்த்து வார்த்த வெண்கலம், அந்த நாளில் மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கியது. இது எனக்கே தெரியும். தெரிந்தும் புது கிட் ஆசையில் தலையாட்டினேன், அந்தக் கோபம் கடைக்காரர் மேல் மட்டும் இல்லை.

புது கிட் 62,000. "டெமோ பீஸ்கூட இல்ல சார், அட்டைப்பெட்டி மட்டும்தான் கிழிஞ்சிருக்கு." கடையில் ஸ்பீக்கரில் போட்டு அவரே வாசித்துக் காட்டினார், ஸ்நேர் (நடு டிரம்) பேடின் வலைத்துணி மெஷ் ஹெட்டில் குச்சி துள்ளியதைப் பார்த்து மயங்கிவிட்டேன், மற்ற பேட் (டிரம்முக்குப் பதிலாக அடிக்கும் தட்டு) எல்லாம் வெறும் ரப்பர் என்பது வீட்டில் அடிக்கும்போதுதான் உறைத்தது. ஹெட்போனை மாட்டினால் ஸ்நேரில் ரிம் (விளிம்பு வளையம்) பேசவே இல்லை. பேட் போய்விட்டது என்று நினைத்தேன், இல்லை, கேபிள். ரிம்முக்குத் தனிச் சத்தம் வேண்டுமென்றால் ஸ்டீரியோ கேபிள் வேண்டும், இவர்கள் சாதாரண கிட்டார் கேபிளைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள் (பிளக் முனையில் கறுப்பு வளையம் ஒன்று என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ, கடையிலேயே பார்த்துவிடலாம்). கிராஷ் சிம்பல் பேடின் விளிம்பைக் கையால் பிடித்தாலும் சத்தம் நிற்கவில்லை, அதற்கும் இதே காரணம்தான். ஹைஹாட் பெடல் இன்னும் மோசம், முழுக்கத் திறப்பு, முழுக்க மூடல், நடுவில் ஒன்றுமே கிடையாது.

மாட்யூலில் (சத்தத்தை உருவாக்கும் பெட்டி) யூசர் கிட் (நாமே அமைத்துச் சேமிக்கும் ஒலித் தொகுப்பு) பக்கத்தைத் திறந்தபோதுதான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கிறிஸ்துமஸ் 2", "ஸ்லோ வர்ஷிப்" என்று யாரோ பெயர் வைத்துச் சேமித்த ஏழு கிட்! ஏதோ ஒரு சர்ச்சில் வருடக்கணக்கில் உழைத்த பெட்டி என் வீட்டுக்குப் புதுசாக வந்திருக்கிறது.

கடைக்காரர் சொன்ன "சத்தமே வராது" என்பதும் பாதிப் பொய். பேட் சத்தம் காதுக்குக் குறைவுதான், ஆனால் கிக் பெடல் மிதிக்கும் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு நேராக இறங்குகிறது. இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை அடுக்கி, மேலே கிட்டை வைத்த பிறகுதான் கீழ்வீட்டு மாமா மறுபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பில் கேட்டால் எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், அதில் மாட்யூலின் சீரியல் நம்பர் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் "நீங்கதான சார் அடிச்சுப் பார்த்து எடுத்தீங்க" என்கிறார்கள். பேசிக்கொண்டே திரும்பினால் சுவரில் என் ரைடு தொங்குகிறது, விளிம்பில் நகமளவு வெட்டு, எனக்குத் தெரியாதா? விலைச் சீட்டில் 14,500.