ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகள்: நெடுநாள் புழக்கத்தில் என்னிடம் தங்கியவை

உலாவியை நம் வசதிக்கு மாற்றுவது என்றதும் பலரும் முதலில் தேடுவது வண்ண வண்ணமான தீம்களைத்தான். நானும் நிறைய போட்டுப் பார்த்திருக்கிறேன். எதுவும் நெடுநாள் நிற்கவில்லை. இங்கே சிங்கப்பூரில் வேலை ஆங்கிலத்தில், வாசிப்பு தமிழில் என்று ஒரே உலாவியில் இரண்டையும் ஓட்டுபவர்களுக்கு உண்மையான பலன் தமிழ் எழுத்தைச் சீராக்கிக்கொள்வதில்தான் இருக்கிறது. அதற்கு நான் நம்புவது ஸ்டைலஸ் என்ற நீட்சியை (நீட்சி என்பது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்). தளங்களின் எழுத்துரு, இடைவெளி போன்ற தோற்றத்தை நாம் எழுதும் விதிகளால் மாற்றித் தருவது ஸ்டைலஸ்.

ஆங்கிலத்துக்கு என்று வரி இடைவெளி வைத்த பக்கத்தில் தமிழைப் போட்டால் நெரிசலாகிவிடும். மேலே புள்ளியும் சுழியும், கீழே 'ழு', 'று' போன்றவற்றின் வால்களும் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தின் அளவைக் கூட்டினால் மட்டும் இது சரியாகாது, வரிகளுக்கு நடுவே காற்று வேண்டும். நான் வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் 1.7 மடங்காகவும், எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழாகவும் வைத்திருக்கிறேன். நீண்ட கட்டுரைகளைக் கண் வலியில்லாமல் முடிக்க முடிகிறது.

நீட்சியே இல்லாமலும் ஓரளவு செய்யலாம். ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் எழுத்துருப் பகுதிக்குள் போனால் தமிழுக்கென்று தனியாக எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. ஆனால் பக்கம் தன் மொழி தமிழ் என்று நிரலில் அறிவித்திருந்தால்தான் அந்தத் தேர்வை நம்பலாம். பல தளங்கள் அப்படி அறிவிப்பதில்லை. சில தளங்கள் தங்கள் எழுத்துருவையே திணிக்கும். அங்கேதான் ஸ்டைலஸ் கைகொடுக்கிறது. ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துரு என்று விதி எழுதாதீர்கள். மெனு, தேடல் போன்ற சின்னங்களைப் பல தளங்கள் எழுத்துருவாகவே வைத்திருப்பதால் அவை வெறும் கட்டங்களாகிவிடும். பத்தி, தலைப்பு, பட்டியல் ஆகிய மூன்றுக்கு மட்டும் எழுதினால் போதும்.

(தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் படிப்பவர்களுக்கு இது உதவாது. அங்கே பக்கங்கள் படங்களாக இருப்பதால் பெரிதாக்கிப் படிப்பதுதான் வழி.)

ஸ்டைலஸைத் தேடும்போது ஸ்டைலிஷ் என்ற பெயரும் கண்ணில் படும். இரண்டும் வேறு. ஸ்டைலிஷ் பயனர்கள் போய்வந்த பக்கங்களின் விவரத்தைச் சேகரித்து அனுப்புவது 2018 ஜூலையில் வெளிவந்ததும் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவும் கூகுளும் அதைத் தங்கள் நீட்சிக் கடைகளிலிருந்து நீக்கின. எந்த நீட்சியாக இருந்தாலும் "எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை அணுக" என்று அனுமதி கேட்கும்போது ஒரு நிமிடம் நிதானியுங்கள். வேலை செய்ய அந்த அனுமதி தேவைப்படலாம். அதைக் கேட்பவர் யார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

அடுத்து டேப்கள். மேலே வரிசையாக இருபது டேப் திறந்தால் தமிழ்த் தலைப்பில் இரண்டு மூன்று எழுத்துதான் தெரியும். ட்ரீ ஸ்டைல் டேப் என்ற நீட்சி அவற்றைப் பக்கவாட்டில் கிளை கிளையாக அடுக்கித் தருகிறது. ஒரு தேடலிலிருந்து திறந்தவை எல்லாம் அதன் கீழேயே நிற்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை மொத்தமாக மூடிவிடலாம். மடிக்கணினித் திரையில் அகலம் தாராளம், உயரம்தான் பற்றாக்குறை என்பதால் இந்த அடுக்கு எனக்கு மிகவும் பொருந்திவிட்டது. 2025 மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸிலேயே செங்குத்து டேப்கள் உண்டு. அதில் கிளைகள் கிடையாது. பத்துப் பதினைந்து டேப்போடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அதுவே போதும்.

ட்ரீ ஸ்டைல் டேப் போட்ட பிறகும் மேல்வரிசை அப்படியே இருக்கும். 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்போடு பழைய வகை நீட்சிகளின் காலம் முடிந்தது. உலாவியின் சட்டகத்தையே மாற்றும் வசதியும் நீட்சிகளிடமிருந்து போய்விட்டது. மேல்வரிசையை மறைக்க யூசர்குரோம் சிஎஸ்எஸ் (userChrome.css) என்ற, உலாவியின் தோற்றத்துக்கான விதிகள் கொண்ட கோப்பை நாமே எழுதி வைக்க வேண்டும். 2019இல் வந்த 69ஆம் பதிப்பிலிருந்து அதை உலாவி படிப்பதற்கே தனியாக ஒரு அமைப்பை இயக்க வேண்டியிருக்கிறது. செய்யலாம், ஆனால் சில வரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பு உலாவியின் உள்கட்டமைப்பை நம்பி நிற்கிறது. 2021இல் 89ஆம் பதிப்பு வந்தபோது நடந்ததுபோல் தோற்றம் மாறினால் எழுதியதையும் திருத்த வேண்டிவரும். கணினிகளுக்கிடையே அமைப்புகளைக் கொண்டுசெல்லும் ஃபயர்ஃபாக்ஸ் கணக்கு ஒத்திசைவிலும் இது சேராது, பிரதி எடுத்து வைப்பது நம் பொறுப்பு.

கன்டெய்னர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் நீட்சி வங்கி, அலுவலகம், பொது உலாவல் ஆகியவற்றின் குக்கீகளை, அதாவது தளங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை, கன்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் பிரித்து வைக்கும். டேப்பின் நிறத்தைப் பார்த்தே எது எது என்று தெரிந்துவிடும். சிங்கப்பூர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக நுழையும் சேவைகளில் மட்டும் கவனம் வேண்டும். சேவைத் தளம் ஒரு கன்டெய்னரிலும் சிங்பாஸ் இன்னொன்றிலும் திறந்தால் நுழைவு பாதியில் அறுந்துவிடும். குக்கீகளைப் பிரிப்பதுதானே இதன் வேலை, அதனால் இது யாருடைய கோளாறும் இல்லை. இரண்டையும் ஒரே கன்டெய்னருக்கு ஒதுக்கிவிட்டால் சரி.

விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குரோம் பழைய நீட்சி முறையைக் கைவிட்டதால் அங்கே அதன் லைட் பதிப்புதான். முழுப் பதிப்பு ஃபயர்ஃபாக்ஸில் தொடர்கிறது. நான் இங்கேயே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கங்களை இருண்ட பின்னணிக்கு மாற்றும் டார்க் ரீடரை இரவில் மட்டும் போடுகிறேன். பழைய கணினியில் அது பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும்.

கைப்பேசியில் எம்ஆர்டி ரயில் பயணத்தில் படிப்பவர்கள் ஆண்ட்ராய்டு என்றால் யூபிளாக், டார்க் ரீடர் இரண்டையும் ஃபயர்ஃபாக்ஸில் போட்டுக்கொள்ளலாம். ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் நீட்சிகளுக்கு இடமில்லை.